ராகு காலத்தில் இறங்கிய லேத்

பிரபு,

நீ நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, கஸ்டமர் வந்திருக்காங்க" என்று வைத்துவிடுகிறாய். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பண்ருட்டியில் மோட்டார் ரிப்பேர்க் கடை திறந்த முதல் வாரத்திலேயே அம்மாவிடம் பேச நேரமில்லாத அளவுக்கு ஆள் வருகிறது என்றால் எந்த அம்மாவுக்குக் கசக்கும்? மந்தாரக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் கடலா இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாமே என்கிறாள் எதிர்வீட்டு அக்கா. உண்மைதான். ஆனாலும் கொடியில் உன் சட்டை தொங்காத வீடு எனக்குப் புதிதாக இருக்கிறது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் துணியைப் பார்க்காமல் வாசலைப் பார்க்கிறேன். அதனால் இன்று தைக்கவில்லை. சுரங்க டவுன்ஷிப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் ஒரு நாள் காத்திருக்கட்டும். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று ரொம்ப வருஷமாகக் காத்திருக்கிறது.

கடை திறந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நீ லாரிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாய். நான் வாசலில், ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து நீ வாங்கிய பழைய லேத் மெஷின் தார்ப்பாய்க்குள் யானைக்கன்று படுத்திருப்பதுபோல லாரியில் இருந்தது. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் மெஷின் உள்ளே வந்துவிட வேண்டும் என்று ஐயர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அதை இறக்க நீ சொல்லிவைத்திருந்த ஹைட்ரா கிரேன், பலாப்பழ லாரிகளின் நெரிசலில் மாட்டிக்கொண்டு எங்கேயோ நின்றது. வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் மணி பார்க்க ஆரம்பித்தார்கள். என் அண்ணன், உன் மாமா, நெல்லிக்குப்பத்திலிருந்து புது வேட்டி கட்டிக்கொண்டு வந்த மனிதர், அந்த வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஹைட்ரா இன்னாத்துக்குடா? ரெண்டு பலகை, நாலு பைப்பு குடு. உருட்டிகினே உள்ள கொண்டாந்துடலாம். எத்தினி கரும்பு லோடு ஏத்துனவன் நானு!"

லாரி டிரைவருக்கும் அவசரம். அடுத்த லோடு இருக்கிறது, நானும் கை கொடுக்கிறேன் என்றார். நீ வேலைக்கு வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் உன்னைப் பார்க்கவில்லை. உன் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். கட்டிக்கொண்டு, இடுப்பில் பெல்ட் போடாமல் பஸ் ஏறக்கூடப் பயப்படுகிற மனிதர், லாரியின் பின்பலகையைப் பிடித்து மேலே ஏறிவிட்டார். தட்டிலிருந்த குங்குமத் தண்ணீர் என் புடவையில் சிந்தியதே, அது அப்போதுதான்.

"யாரும் கை வெக்காதீங்க" என்றாய் நீ. "ஹைட்ரா வரட்டும்."

"ராகு காலம் வந்துடும்டா!"

"வரட்டும் மாமா."

"இன்னாடா இது, மாமன் சொல்றேன். கடையத் தொறந்ததும் பெரிய மனுசன் ஆயிட்டியா?"

நீ லாரியை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, கீழ எறங்குங்க" என்றாய். அவர், "நான் சும்மா புடிச்சிக்கறேன்டா" என்றார். நீ குரலை உயர்த்தவில்லை. "எறங்குங்கப்பா" என்றாய், அவ்வளவுதான். உன் குரலில் அப்படி ஒன்றை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் பெற்ற பிள்ளை இறங்கச் சொல்லிவிட்டானே, இந்த மனுஷன் இனி என்ன செய்வாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் துண்டை அவிழ்த்து உன்னிடம் நீட்டினார். உன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக, இறங்கினார்.

மாமா கோபித்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனதும், நீ எல்லோருக்கும் பொங்கலும் வடையும் பரிமாறச் சொன்னதும், ராகு காலம் பாதி கழிந்தபிறகு ஹைட்ரா ஆடி அசைந்து வந்ததும் உனக்குத் தெரிந்த கதை. பெல்ட் மாட்டி, யாருக்கும் ஒரு கீறல் இல்லாமல், அந்த யானைக்கன்று அந்தரத்தில் மிதந்து போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. அதற்குள் மாமாவும் டீக்கடையிலிருந்து வந்துவிட்டார், கவனித்தாயா? யாரும் கூப்பிடாமலே ஹைட்ராவுக்கு முன்னால் நின்று, "வா வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் வா" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் அவரைப் பார்க்கவேயில்லை. அதனால் என்ன, அவர் மனசு ஆறியது.

நீ அன்று ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றாய் என்று நான் கேட்கவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்து வளர்ந்தவன் நீ. ஆனால் அந்த முதுகின் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. அவன் கடைக்காரன் ஆயிட்டான், தெரிஞ்சிக்கட்டும்" என்றார்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இங்கே மந்தாரக்குப்பத்தில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு அவருடைய பெயர் கிடையாது. பொக்லைன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு பேர் தூக்கும் மோட்டாரை இரண்டு பேராகத் தூக்குவார், இரண்டு பேர் தூக்குவதைத் தனியாகத் தூக்குவார். முதலாளி அவரை அப்படி வேலை வாங்கினார் என்று சொன்னால் பாவம் வரும். அவர் நல்ல மனிதர். இவருக்குத்தான் அந்தப் பெயர் பிடித்திருந்தது. எனக்கும்தான் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். கடைத்தெருவில் "பொக்லைன் வூட்டு அண்ணி" என்று வழிவிடுவார்கள். உன்னை ஒரு தோளிலும் அரிசி மூட்டையை ஒரு தோளிலும் வைத்துக்கொண்டு அவர் வரும்போது தெருவே பார்க்கும்.

அடிபடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவருக்கு வலி இருந்தது. காலையில் எழுந்ததும் செருப்பு மாட்டக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தைலம் தேய்த்துவிடுவேன். லீவு போடுங்களேன் என்றால், "இடுப்பு புடிச்சிகிச்சுன்னு போய் சொன்னா சிரிப்பானுங்க" என்பார். ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் தெரியாது. கூடவே வேலை பார்த்த ஏழுமலை அண்ணனுக்குக்கூடத் தெரியாது. வலிக்கிற இடத்தை மறைத்துக்கொண்டே அவர் பாரம் தூக்கிக்கொண்டிருந்தார்.

அன்று ஒரு பெரிய பம்பு மோட்டார் வேனில் வந்தது. முதலாளி சாப்பிடப் போகும்போது, செயின் பிளாக்கைக் கட்டி இறக்குங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சங்கிலியை இழுத்து இழுத்துப் பாரத்தை மெதுவாக இறக்குவார்களே, அதுதான். உன்னிடம் இத்தனை வருஷமும், "அன்னிக்கு செயின் பிளாக் ரிப்பேர்" என்று சொல்லியிருக்கிறோம். அது ரிப்பேரில் இல்லை பிரபு. உள்ளே கம்பத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஏழுமலை அண்ணன் அதைக் கழற்றப் போனபோது, "இத்தைக் கட்டி மாட்டி எறக்கறதுக்குள்ள பொழுது போயிடும். வா, நான் கீழ நின்னு தாங்கிக்கறேன்" என்று உன் அப்பாதான் சொன்னார். தூறல் போட்டிருந்தது. வேனிலிருந்து சாய்த்துப் போட்ட பலகை ஈரம். மோட்டார் பாதி இறங்கும்போது பலகை ஒருபக்கமாக வழுக்கியது. இவர் உடம்பைத் திருப்பி அதைப் பிடிக்கப் பார்த்தார். முதுகில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். கை விட்டுவிட்டது. மோட்டார் ஏழுமலை அண்ணனின் பாதத்தின்மேல் இறங்கியது.

ஏழுமலை அண்ணனுக்குப் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். உன் அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஜவ்வு விலகிவிட்டது, படுக்கையைவிட்டு எழக்கூடாது என்றார்கள். அந்த நாட்களில் உன்னை ஆயா வீட்டுக்கு அனுப்பாமல் என்னோடே வைத்துக்கொண்டேன். நீ அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் பாடுவாய். ஒருநாள் "தூக்குப்பா" என்று இரண்டு கையையும் நீட்டினாய். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு நீ கேட்கவேயில்லை. யார் சொல்லித் தந்தார்களோ உனக்கு.

நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவரைப் புரட்ட, உட்கார வைக்க, யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு நானே அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். ஒரு வாரத்தில் எனக்கும் இடுப்பு போனது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், சின்ன வயசு, நான் நடக்கிற நடையைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, அவரு ஒருத்தர் படுத்தது போதாதா? நீங்களும் பக்கத்துல பாய் போடப்போறீங்களா?" என்று திட்டிவிட்டு, அவருக்கு அடியில் ஒரு போர்வையை விரித்து, இரண்டு பேராக அந்தப் போர்வையை இழுத்தே அவரை எப்படிப் புரட்டுவது என்று காட்டினாள். அதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்றேன். "கூப்புடுங்க. வாய் எதுக்கு இருக்குது?" என்றாள். அன்றிலிருந்துதான் எதிர்வீட்டு அக்கா நம் வீட்டு மனுஷி ஆனாள்.

கூப்பிடப் பழகியபிறகுதான் எனக்கு ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போகவும் தைரியம் வந்தது. அவர் மனைவி கலா வாசலிலேயே என்னைப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. "உங்க வூட்டுக்காரரு அந்த வாயை வெச்சிகினு சும்மா இருந்திருந்தா, எங்க வூட்டுக்காரரு கால் இப்பிடி ஆயிருக்குமா?" என்று கேட்டாள். அவள் அழுது முடிக்கும்வரை நின்றேன். உள்ளேயிருந்து ஏழுமலை அண்ணன், "வந்தவங்கள நிக்க வெச்சிகினு இன்னாடி பேச்சு, டீ போடு" என்று சத்தம் போட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். நான் குடித்தேன்.

அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் முதலில் போனது கோயிலுக்கு இல்லை, அந்த வீட்டுக்குத்தான். கைத்தடி ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு விளக்குக் கம்பமாக நின்று நின்று போனார். நீயும்தான் கூட வந்தாய். கலா உனக்கு பிஸ்கட் கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நீ வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய்: "ஒண்ணும் பேசலம்மா. அப்பா அந்த மாமாவோட காலையே பாத்துகினு இருந்தாரு. அந்த மாமா அப்பா கையப் புடிச்சிகினாரு." பிறகு ஏழுமலை அண்ணன் பண்ருட்டி முந்திரி மண்டியில் எடை போடும் வேலைக்குப் போனதும், ஒவ்வொரு வருஷமும் பலாக் காலத்தில் நமக்கு ஒரு பழம் அனுப்புவதும் நீ அறிந்ததுதான்.

அப்பாவைப் பழைய முதலாளி கைவிடவில்லை. கூப்பிட்டு, மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை கொடுத்தார். உட்கார்ந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவது. அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் அங்கே செய்துகொண்டிருந்தார்கள். பொக்லைனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். பெரிய கை, மெல்லிய கம்பி. அறுந்துகொண்டே இருக்கும். நான் ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருநாள், "நீ ஏன் மூச்ச அடக்கிகினு கோக்கற?" என்று கேட்டார். எனக்கே அது தெரியாது. அவரும் மூச்சை அடக்கிச் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து மிக்சி, டேபிள் ஃபேன் எல்லாம் நம் வீட்டுக்கே வர ஆரம்பித்தன. வெயில் காலத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கையில் ஃபேனோடு வாசலில் நிற்பார்கள். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கம்பியை உருவித் தருவாய். உன் தொழில் அங்கேதான் முளைத்தது. அந்த விபத்து நடந்ததே நல்லதுக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஏழுமலை அண்ணன் செருப்பைக் கழற்றும்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நடந்ததை வைத்துக்கொண்டு நாங்கள் வாழக் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான். நன்றாகவே வாழ்ந்தோம்.

இனி அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கோபமோ என்று நினைத்தேன். முந்திரித் தோப்பெல்லாம் தாண்டியபிறகு தானாகவே சிரித்தார். "எறங்குங்கப்பான்னான் பாத்தியா" என்றார். "ஆமாம், நாலு பேர் முன்னால..." என்று நான் உனக்காகச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "அதில்லம்மா. லாரில ஏறி நின்னப்ப எனக்கு வலியே தெரியல. அந்தப் பழைய திமிரு அப்பிடியே உள்ள இருந்திருக்குது. அன்னிக்கு ஏழுமலை என்ன எறங்குன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கமாட்டேன். இவன் சொன்னதும் கால் தானா எறங்கிடிச்சு." பிறகு, "ஏழுமலையும் அங்க உக்காந்து பாத்துகினுதான் இருந்தான்" என்றார். நான் அதையும் பார்த்தேன் பிரபு. நீ லாரியைப் பார்த்துப் பேசியபோது, கடைவாசல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார் ஏழுமலை அண்ணன். அப்பா இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், "நாங்க சொன்னா கேக்கமாட்டாரு, புள்ள சொன்னா கேக்கறாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து வடை எடுத்துத் தின்றார்கள்.

உனக்கு நான் புதிதாகப் புத்தி சொல்ல வேண்டியதில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் அம்மா, சொல்லாமல் இருக்க முடியாது. கடை திறப்பு விழாவில், கூட்டத்தின் முன்னால், வேண்டாம் என்று சொல்வது ஒரு வகையில் சுலபம். நீ இல்லாத நேரம் ஒன்று வரும். நீ சாமான் வாங்கப் போயிருப்பாய், விவசாயி ஒருவர் பயிர் காய்கிறது என்று போர்வெல் மோட்டாரோடு வந்து கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பார், உன் கடைப் பிள்ளைகள் இரண்டு பேரும் இரக்கப்பட்டே அதை வெறும் கையால் இறக்கிவிடுவார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன்னால், செயின் பிளாக் எடுக்கச் சுலபமான இடத்தில் இருக்கிறதா என்று பார். உள்ளே கம்பத்தில் தொங்கினால் யாரும் எடுக்கமாட்டார்கள்; வாசலில் தொங்கினால் எடுப்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு நல்ல பலம் என்று கேள்விப்பட்டேன், சிவப்புச் சட்டை போட்டிருந்தானே, அவன். அவனுக்குப் பட்டப்பெயர் எதுவும் வைக்கவிடாதே. வைத்துவிட்டால் அதற்காகவே அவன் தூக்குவான். யாராவது இடுப்பு பிடித்துக்கொண்டது என்றால் அவனை நம்பு. பொய்யாகவே இருந்தாலும் ஒரு நாள் உட்கார்ந்திருக்கட்டும். நீ சிரிக்கமாட்டாய் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் உண்மையான வலியையும் சொல்வார்கள். முக்கியமாக உனக்கு வலித்தால் சொல். எனக்கு, அப்பாவுக்கு, இல்லாவிட்டால் அந்தச் சிவப்புச் சட்டைக்காரனுக்கு. முதலாளிக்கு வலிக்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மாமாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பம் போய்விட்டு வா. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அவருடைய கரும்புத் தோட்டத்து மோட்டார் சத்தம் போடுகிறதாம், அண்ணி சொன்னாள். நீயாகவே போய்ப் பார்த்தால் போதும். அதைக் கழற்றும்போது அவர் பாட்டுக்குத் தோள் கொடுக்க வருவார். அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. திங்கட்கிழமையிலிருந்து அப்பா காயில் சுற்ற உன் கடைக்கு வருகிறார். பழைய முதலாளியிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உன்னிடம் சொல்ல வெட்கமாம், நான் சொல்கிறேன். காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவார். சம்பளம் பேசமாட்டார், ஆனால் உன் கம்பியில் குறை சொல்வார், பொறுத்துக்கொள். ஸ்டூலில் உட்காரவைத்துவிடாதே, அவருக்கு முதுகு சாய்ந்துகொள்ள வேண்டும். மரத்தில் செய்த பெரிய நாற்காலி எதுவும் வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி விற்கிறார்கள், முதுகு உயரமாக இருப்பதாகப் பார்த்து வாங்கு. அது லேசுதான். நீ ஒருவனே தூக்கிக்கொண்டு வரலாம்.

அம்மா